மொத்தமாகப் போகும் விளம்பர மெயிலையும் அலுவலக மெயிலையும் ஒரே சர்வரில் அனுப்பலாமா?

கேள்வி: கம்பெனிக்குச் சொந்த மெயில் சர்வர் இருக்கிறது. மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்குப் போகும் விளம்பர மெயிலையும் அதிலிருந்தே அனுப்பினால் என்ன?

அனுப்பாதீர்கள். அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

மண்ணடியில் தம்பு செட்டித் தெரு பக்கம் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சிக்கு மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கல் நேரம். பழைய எக்ஸல் ஷீட்டில் கிடந்த 6000 முகவரிகளுக்கும் வாழ்த்தையும் புது ரேட்டையும் சேர்த்து அனுப்பினோம். பாதிக்கு மேல் செத்துப்போன முகவரிகள், எல்லாம் பவுன்ஸ், போய்ச் சேராமல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு, சரக்கை எடுக்க அனுமதிச் சீட்டான டெலிவரி ஆர்டரைக் கேட்டு ஷிப்பிங் லைனுக்கு அனுப்பிய மெயில் ஸ்பாமில் போய் விழுந்திருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை. மணலியில் கன்டெய்னர் நிற்க, கட்டணமில்லாத ஃப்ரீ டேஸ் முடிந்து டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறிவிட்டது. திருவொற்றியூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவரின் சரக்கு அது. எதிரில் வந்து உட்கார்ந்து, "மெயில் போட்டாச்சுன்னு சொன்னியே தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பெறும் சர்வர், எந்த ஐபியிலிருந்து (அனுப்பும் சர்வரின் இணைய எண்), எந்த டொமைன் பெயரில் மெயில் வருகிறது என்று பார்த்துத்தான் நம்புகிறது. விளம்பரத்தை நாலு பேர் ஸ்பாம் என்று அமுக்கினால், அதே ஐபியில் போகும் இன்வாய்ஸுக்கும் கெட்ட பெயர்தான்.

ஆகவே இரண்டையும் பிரியுங்கள். விளம்பர மெயிலுக்கு ஒரு சப்டொமைன் (உங்கள் தாய் டொமைனின் கிளைப் பெயர்), அத்துடன் வேறு ஐபி. சப்டொமைனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சர்வரிலேயே அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அமேசான் எஸ்இஎஸ் போன்ற மெயில் அனுப்பும் சேவையில் விட்டுவிடுவது சின்ன கம்பெனிக்குச் சுலபம். எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதிவுகளை அந்தச் சப்டொமைனுக்கென்று தனியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் தாய் டொமைனின் எஸ்பிஎஃப்பில் திணித்தால் அதைச் சரிபார்க்க அதிகபட்சம் 10 டிஎன்எஸ் (டொமைன் பெயர்ப் பதிவேடு) தேடல் என்ற வரம்பு தாண்டி, அலுவலக மெயிலும் சேர்ந்து தோற்கும். தனி ஐபி வாங்கினால் முதல் நாளே கொட்டாதீர்கள். உங்கள் மெயிலை வழக்கமாகத் திறப்பவர்களில் சில நூறு பேரிடம் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

சிலர் கம்பெனி பெயரைப் போலவே இன்னொரு டொமைன் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். பார்ப்பவருக்கு அது மோசடி மெயில் மாதிரியே தெரியும்.

பிரித்துவிட்டால் எப்படிப்பட்ட பட்டியலுக்கும் அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். சப்டொமைனின் கெட்ட பெயர் தாய் டொமைனிலும் ஒட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) மூன்றும் கட்டாயம். விளம்பரம் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அந்த 5000 கணக்கில் சப்டொமைன்களும் சேர்த்தி. கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்துவிட்டால் புகார் அளவை நீங்களே பார்க்கலாம், காசு இல்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றால், சர்வரின் கியூவில் இன்னும் போகாமல் மீதி இருப்பதை உடனே அழியுங்கள். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸில் உங்கள் ஐபி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிலைமை சரியாகும்வரை, அவசரமான மெயில் ஒவ்வொன்றுக்கும் "வந்துச்சா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.