செக்யூரிட்டி வேலைக்குப் போறவர் கையில என்னென்ன வச்சிருக்கணும்?

தம்பி அடுத்த வாரம் நைட் டியூட்டில சேரப்போறான், லத்தி வாங்கித் தரணுமா, பெப்பர் ஸ்ப்ரே வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் பள்ளிக்கரணை பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்ல 9 வருஷமா வாட்ச்மேன், அதுக்கு முன்னாடி ஒரு ஏடிஎம் வாசல்ல உக்காந்திருந்தேன். முதல்ல ஒரு நல்ல பேனாவும் பாக்கெட்ல அடங்குற நோட்டும் வாங்கிக் குடுங்க.

சிரிக்காதீங்க. போன வருஷம் சி பிளாக்ல ஒரு புள்ளையோட சைக்கிள் காணாம போச்சு, நான்தான் தூங்கிட்டேன்னு கமிட்டிக்காரங்க காலைலயே நிக்க வச்சு கத்துனாங்க. கேட் ரெஜிஸ்டர்ல பாத்தா ஒண்ணும் புரியல, கோழி கிண்டுன மாதிரி கையெழுத்து. என் நோட்டுல மட்டும் ராத்திரி 11.50, டாட்டா ஏஸ், வண்டி நம்பர், டிரைவர் போன் நம்பர், சி பிளாக் வீடு காலின்னு இருந்துச்சு. போன் போட்டுக் கேட்டா, காலி பண்ணிட்டுப் போனவங்க சாமானோட சாமானா அந்த சைக்கிளயும் ஏத்திட்டுப் போயிருக்காங்க. தெரியாமத்தான். சாயங்காலம் வந்துருச்சு. கத்துனவங்க யாரும் சாரி சொல்லல, அது வேற கதை.

இது நான் சொல்றது மட்டும் இல்ல. தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிங்களுக்குன்னு 2005ல சட்டம் வந்துச்சு, அதுக்கு 2006ல மத்திய அரசு போட்ட மாடல் விதிகள்லயே காவலாளி கைல நோட்டும் பேனாவும் வச்சிருக்கணும்னு இருந்துச்சு. விசில் கயிறோட இடது பாக்கெட்ல, லேஸ் வச்ச ஷூ, தொப்பி, போட்டோ ஐடி கார்டு இடுப்புக்கு மேல வெளில தெரியற மாதிரி, இதெல்லாம் அதுல இருந்துச்சு. லத்தி அந்த யூனிஃபார்ம் லிஸ்ட்லயே இல்ல. எங்க கேபின்ல ஒண்ணு சாத்தி வச்சிருக்கோம், நாய் விரட்டத்தான் எடுத்திருக்கேன்.

அடுத்தது டார்ச். போன் டார்ச்ச நம்ப வேணாம், 2 மணிக்கு சார்ஜ் போயிரும், லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா அப்புறம் யாருக்குப் போன் பண்ணுவீங்க. எங்க பக்கம் சதுப்பு நிலம், மழை விட்டா பார்க்கிங்ல பாம்பு வரும். கட்டுவிரியன் கடிச்சா சில சமயம் எறும்பு கடி அளவுக்குக்கூட வலிக்காது, தூக்கத்துல கடிச்சா தெரியவே தெரியாது, அதனால கழட்டிப் போட்ட ஷூவ ரெண்டு தட்டு தட்டாம நான் கால விடமாட்டேன், வெறும் தரைல தலை சாய்க்கவும் மாட்டேன்.

நம்பர் எல்லாம் போன்ல மட்டும் இருந்தா பத்தாது, பேப்பர்ல பெருசா எழுதி செவுத்துல ஒட்டணும். போலீஸ் 100 இல்லன்னா 112, ஃபயர் 101, ஆம்புலன்ஸ் 108, கரண்ட் போனா மின்னகம் 94987 94987, அப்புறம் லிஃப்ட்காரர், பிளம்பர், செக்ரட்டரி. தீயணைப்பு சிலிண்டர் எங்க மாட்டியிருக்குன்னு மொத நாளே போய்ப் பாக்கச் சொல்லுங்க, பவுடர் சிலிண்டர் மீட்டர்ல முள்ளு பச்சைல நிக்கணும், ஈபி பாக்ஸ்ல தீன்னா தண்ணி ஊத்தவே கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான்.

மத்தபடி பிளாஸ்க், சுகர் இருந்தா மாத்திரையோட நாலு பிஸ்கட், கொசுவத்தி, மார்கழிக்கு மங்கி கேப், மழை கோட்டு. 12 மணி நேரம் உக்காந்து பாத்தா எது வேணும்னு அவனுக்கே தெரிஞ்சிரும்.

பேனா ரெண்டா வாங்குங்க. ஒண்ண ரெஜிஸ்டரோட சணல் போட்டுக் கட்டிரணும், இல்லன்னா கூரியர் பசங்க கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே காதுல சொருகிட்டுப் போயிருவாங்க. சட்டைப் பாக்கெட்ல இருக்கறத மட்டும் எவன் கேட்டாலும் குடுக்க வேணாம்னு சொல்லி அனுப்புங்க.