வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்காரின் மூன்றாம் அரங்கு என்பது வீதி நாடகம்தானா? அந்த வழியில் இயங்க நினைப்பவர் எதைக் கற்க வேண்டும்?

வீதி நாடகம் அதில் ஒரு பாதிதான். மறுபாதி, ஒரு சாதாரண அறைக்குள் பார்வையாளர் சூழ உட்கார நடக்கும் 'அங்கன்மஞ்ச்'. இந்தப் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சர்க்கார் சிவில் இன்ஜினியர். நகரத் திட்டமிடலில் வேலை பார்த்தவர். 1963-இல் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' நாடகம் அவரைக் கல்கத்தாவுக்கு வெளியேயும் கொண்டுபோனது. 1967-இல் சதாப்தி என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1968-இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1972-இல் பத்மஸ்ரீ. பேர் கிடைத்த அந்த நேரத்தில்தான் பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடையை விட்டு இறங்கினார். அவர் கணக்கில் நாட்டார் அரங்கு முதலாவது, நகரத்து மேடை இரண்டாவது, இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு தனியே நிற்பது மூன்றாவது. இடத்துக்கேற்ப மாற வேண்டும், தூக்கிக்கொண்டு போக முடிய வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவை அவர் வைத்த மூன்று நிபந்தனைகள். அரங்க வாடகையும் செட்டும் போனால் டிக்கெட்டை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் செட் செய்துகொண்டிருந்த வேலை நடிகர் உடம்பின் மேல் விழுகிறது. கதவு, பஸ், கூட்டம் எல்லாம் ஆறேழு பேர்தான். 1974-இன் 'மிச்சில்' (ஊர்வலம்) பிரதியில் கோரஸுக்கு, அதாவது சேர்ந்து பேசி நடிக்கும் குழுவுக்கு, பெயரே கிடையாது: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வரும், சம்பளமில்லாத குழுவுக்கு இது பெரிய வசதி என்பது என் கணிப்பு. 'நான்கு' வரவில்லை என்றால் அவர் வரிகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். வழக்கமான நாடகத்தில் கதாநாயகன் வராவிட்டால் அன்றைக்கு நாடகமே கிடையாது.

செய்து பார்க்கிறவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் நடிகரின் முதுகு எப்போதும் யாரோ ஒருவருக்குத்தான். முக்கியமான வரியை நின்ற இடத்தில் சொல்லாதீர்கள். திரும்பிக்கொண்டே சொல்லுங்கள், அல்லது எதிரெதிரே நிற்கும் இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள். முதல் வரிசை தரையில், இரண்டாவது பெஞ்சில், மூன்றாவது நின்றுகொண்டு. அதற்கு மேல் வரிசை வைத்தால் தரையில் படுக்கும் காட்சி எதுவும் தெரியாது. திறந்தவெளியில் நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும், தமிழிலோ வினைமுற்று அங்கேதான் இருக்கிறது! ஆகவே நான்கைந்து சொற்களில் முடியும் வாக்கியமாக எழுதுங்கள். சேர்ந்து பேசும் வரிகளுக்கு மூச்சு எங்கே எடுப்பது என்று பிரதியிலேயே குறித்துவிடுங்கள். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் ஆறு பேர் சொன்னதும் இரைச்சலாகிவிடும்.

இன்னொரு சறுக்கல், பட்டறைப் பயிற்சியை அப்படியே நாடகத்தில் ஒட்டுவது. உடற்பயிற்சி பார்க்க நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அன்றன்று கிடைத்ததை எழுதி வைத்து, பாதிக்கு மேல் வெட்டுகிற ஆள் ஒருவர் வேண்டும். இந்த முறையில் நாடகாசிரியரின் முக்கிய வேலையே அதுதான். வருமானத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்ததும் விரிக்கும் துண்டில் விழுவது பெரும்பாலும் அடுத்த ஊருக்கான பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும்.