தேவ சித்தமா, என் இஷ்டமா? சில கேள்விகள், சில பதில்கள்

உலகில் நடப்பதையெல்லாம் தேவனே நடத்துகிறார் என்கிற 'தேவ பராமரிப்பு' பற்றிப் போன வாரம் நான் எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

திருமங்கலம்: ஐயா, நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்னு ஆண்டவருக்கு இன்னைக்கே தெரியும். அப்ப நான் மாத்திப் பண்ண முடியுமா? முடியாதுன்னா என்னைய எதுக்கு நியாயந்தீர்க்கணும்?

தம்பி, தெரிந்திருப்பது வேறு, செய்யவைப்பது வேறு. 6ஆம் நூற்றாண்டில் மரணத்தை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த ரோமத் தத்துவ அறிஞர் போயேத்தியுஸ் இதைத்தான் எழுதினார்: தேவனுக்கு நேற்றும் நாளையும் இல்லை, எல்லாக் காலமும் அவர் முன் ஒரே 'இப்பொழுது'. பிறகு 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஓர் உவமை சொன்னார். அதை நம்மூருக்குக் கொண்டுவருகிறேன். மேலூர் ரோட்டில் நடப்பவனுக்குத் தன் பின்னால் வருகிறவன் தெரியாது. யானைமலை உச்சியில் நிற்பவனுக்கு முன்னால் போகிறவனும் பின்னால் வருகிறவனும் ஒரே பார்வையில் தெரிவார்கள். அவன் பார்ப்பதால் யாரும் நடக்கவில்லை.

இத்தோடு கேள்வி முடிந்தது என்பவர்களை நான் நம்புவதில்லை. வேதத்தின் தேவன் உச்சியில் நின்று வேடிக்கை பார்ப்பவர் அல்ல. அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம் (அப்போஸ்தலர் 17:28). நடப்பவன் காலுக்குப் பலம் தருகிறவரும் அவரே. நிஜமான சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உசிலம்பட்டி: பார்வோன் மனசைக் கடினப்படுத்தினது கர்த்தர். அடி வாங்கினது பார்வோன். இது என்ன நியாயம்?

பார்வோன், இஸ்ரவேலரை விடுதலை பண்ண மறுத்த எகிப்தின் ராஜா. யாத்திராகமத்தை வரிசையாக வாசியுங்கள். 8:15, 8:32 இரண்டிலும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். 9:12இல், கொப்புள வாதையின்போது, கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. 9:34இல் மறுபடியும் அவனே. பிரசங்கிகள் பலர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நானும் நிறுத்தினால் அது ஏமாற்று. மோசே எகிப்துக்குப் போய்ச் சேரும் முன்பே, 4:21இல், "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று சொல்லியாகிவிட்டது.

ஆக ஒரே காரியம் இரண்டு பேர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது. யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் சொன்னதும் அப்படியே: நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் (ஆதியாகமம் 50:20). பாதி அவர்கள், பாதி தேவன் என்று அவன் பங்கு பிரிக்கவில்லை. அண்ணன்மாரின் பொறாமையும் முழுசு, தேவனின் நோக்கமும் முழுசு. சதவீதம் போடப் போனால்தான் கணக்கு உதைக்கிறது. இத்தனை வருஷம் வாசித்ததில் நான் பிடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்.

சோழவந்தான்: அப்ப யூதாஸ்?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த அவனைப் பற்றி லூக்கா 22:22. "தீர்மானிக்கப்பட்டபடியே" என்பதும் "ஐயோ" என்பதும் ஒரே வசனத்தில். மேலே சொன்ன பதில்தான்.

பசுமலை: யூடியூப்ல ஒரு பிரதர், கால்வின் சொன்னதுதான் சுவிசேஷம், மத்ததெல்லாம் கள்ள உபதேசம்கிறார். நம்ம சி.எஸ்.ஐ. எந்தப் பக்கம் ஐயா?

பசுமலையில் இருந்துகொண்டே கேட்கிறீர்களே! 1834இல் மதுரைக்கு வந்து, உங்கள் ஊரிலும் நிலையம் வைத்த அமெரிக்க மிஷன், யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவனே முன்குறித்தார் என்று போதித்த கால்வின் மரபிலிருந்து வந்ததுதான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அந்த வழியில் வந்தவர்களோடு, முன்குறித்தலை எதிர்த்து ஆவேசமாகப் பிரசங்கித்த ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1618-19இல் நெதர்லாந்தில் கூடிய தோர்த் சபைச் சங்கம், கால்வின் போதித்தபடி முன்குறித்தலை ஏற்காத அர்மீனியுஸ் வழியினரைத் தள்ளியது உண்மை. ஆனால் 1610இல் அவர்கள் கொடுத்த ஐந்து கூற்றுகளை அந்தப் பிரதர் வாசித்தாரா? கிருபையில்லாமல் மனுஷனால் மெய்யான நன்மை எதுவும் செய்ய முடியாது என்று அவர்களும்தான் எழுதினார்கள். அந்தக் கிருபையை மனுஷன் எதிர்த்து நிற்க முடியுமா என்பதில்தான் வழக்கு. அவர்கள் சொந்த முயற்சியால் இரட்சிப்பு என்று போதித்தார்கள் என்பது பொய்ச்சாட்சி.

ஞானஒளிவுபுரம்: எங்க கத்தோலிக்கத்துல இந்தச் சண்டையெல்லாம் இல்லையே?

உண்டு, இதைவிடப் பெரிதாக. இயேசு சபை என்ற துறவற சபையைச் சேர்ந்த மொலினா 1588இல் ஒரு நூல் எழுதினார். இன்ன சூழலில் இவன் தன் இஷ்டப்படி இதைத் தேர்ந்துகொள்வான் என்பதும் தேவனுக்குத் தெரியும், அதை வைத்தே உலகை நடத்துகிறார் என்றார். இன்னொரு துறவற சபையான டொமினிக்கன் சபையார் கொதித்துப்போனார்கள். ரோமில் 1597 முதல் விசாரணை. அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அதே இயேசு சபையின் ராபர்ட் டி நொபிலி 1606இல் நம் மதுரைக்கு வந்து சேர்ந்தார். மறுவருஷம் பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமலே முடித்து, ஒருவரை ஒருவர் பதிதர் (கள்ள உபதேசக்காரர்) என்று சொல்லக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார். யூடியூப் பிரதருக்கும் அந்த உத்தரவு பொருந்தும்.

செல்லூர்: நான் இந்து. இதுவும் தலைவிதியும் ஒண்ணுதானே சார்?

பக்கத்தில் வரும், ஒன்றல்ல. தமிழுக்கும் இந்த இழுபறி புதிதல்ல. "ஊழிற் பெருவலி யாவுள" (விதியைவிட வலியது எது) என்ற வள்ளுவரே "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (விதியையும் தோற்கடிப்பார்கள்) என்றும் சொன்னார். எங்கள் வேதத்தில் நினிவே நாற்பது நாளில் கவிழும் என்று தீர்க்கதரிசி யோனா அறிவித்தார். ஊர் மனந்திரும்பியது, கவிழவில்லை. எழுதியவரிடமே போய் முறையிடலாம் என்பதுதான் நாங்கள் சொல்கிற வித்தியாசம்.

மேலூர்: என் தம்பி பைக் ஆக்ஸிடென்ட்ல போயிட்டான். சபையில எல்லாரும் "தேவ சித்தம், அழக்கூடாது"ங்கிறாங்க. எனக்குக் கோபம்தான் வருது.

அழுங்கள் அம்மா. செத்துப்போன தம் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. அவரே சொல்லாததை நம் ஆட்கள் சாவு வீட்டில் சொல்லத் துணிகிறார்கள்.

யோசேப்பு வசனத்தைத்தான் உங்களிடமும் காட்டியிருப்பார்கள். அதை யார், எப்போது சொன்னது என்று பாருங்கள். விற்கப்பட்டவன் சொன்னான், எத்தனையோ வருஷம் கழித்து, தகப்பனையும் அடக்கம் பண்ணிய பிறகு. அண்ணன்மார் குழிக்கு மேலே நின்றுகொண்டு அதையே சொல்லியிருந்தால்? சொல்லத் தோன்றினால் நீங்கள் ஒருநாள் சொல்வீர்கள். மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

பழங்காநத்தம்: மகளுக்கு ரெண்டு வரன். ரெண்டுமே விசுவாசக் குடும்பம். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டு எடுக்கலாமா? "காரியசித்தியோ கர்த்தரால் வரும்"னு வசனம் இருக்கே?

இருக்கிறது, நீதிமொழிகள் 16:33. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தான் எடுத்தார்கள், அது பரிசுத்த ஆவி சீஷர்கள் மேல் இறங்கிய பெந்தெகொஸ்தேக்கு முன். அதற்குப் பின் அப்போஸ்தலர் 6இல் ஏழு பேரைச் சபையாரே நற்சாட்சி பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். விதவையின் மறுமணம் பற்றிப் பவுல் எழுதும்போது, கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் தனக்கு இஷ்டமானவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விடுதலை உண்டு என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). இஷ்டம் என்ற வார்த்தையை அவர் தயங்காமல் போடுகிறார்.

சீட்டுக் கேட்பவர்களில் பலருக்கு, நாளைக்கு ஏதாவது ஆனால் பழியை ஆண்டவர் மேல் போட வசதி வேண்டியிருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை. பையன்களின் வேலை, கடன், குடி எல்லாவற்றையும் விசாரியுங்கள். மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் உங்கள் கேள்வியில் எங்குமே இல்லை. அவளிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.