இளம் விண்மீன்களின் தூசித் தட்டுகள்: கேள்வி பதில்

மல்லாவி மாணவி: ரீச்சர், இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசித் தட்டுகளைப் பார்க்க ஒரு பெரிய தொலைகாட்டி போதாதா? ஏன் பலவற்றைச் சேர்க்கிறார்கள்?

பிள்ளை, உயர்தரத்தில் படித்த யங்கின் இரட்டைத் துவாரப் பரிசோதனைதான் இது. சிலியின் பரனால் மலையில் 8.2 மீற்றர் தொலைகாட்டிகள் நான்கு உள்ளன. அவற்றின் ஒளியைச் சுரங்கப்பாதையில் ஒன்றுசேர்த்தால் தலையீட்டு வரிகள், அதாவது ஒளியும் இருளும் மாறிமாறி வரும் கோடுகள், தோன்றும். மூலம் புள்ளியானால் வரிகள் தெளிவாக நிற்கும், விரிந்ததானால் மங்கும். அந்த மங்கலே தட்டின் அளவைச் சொல்கிறது. நுணுக்கத்தைத் தீர்மானிப்பது தொலைகாட்டிகளுக்கு இடையிலான தூரம்: அங்கே அது 130 மீற்றர் வரை. அத்தனை பெரிய ஆடியை எவராலும் வார்க்க முடியாது. விண்மீனை நெருங்கும் தூசி ஏறத்தாழ 1500 கெல்வினில் ஆவியாகிவிடும். அதற்குச் சற்று வெளியே தகிக்கும் தூசி 2 மைக்ரோமீற்றரை ஒட்டிய அகச்சிவப்பில் ஒளிர்கிறது. 450 ஒளியாண்டுக்கு அப்பால், பூமி–சூரியன் தூரத்தின் பாதி அளவேயான அந்த உள்விளிம்பை இப்படித்தான் அளக்கிறோம். பாறைக் கோள்கள் பிறக்கும் இடம் அதற்கு அருகில்தான்.

வவுனியா அன்பர்: என் 6 அங்குலத் தொலைகாட்டியில் இந்தத் தட்டுகள் தெரியுமா?

தெரியாது. ஒறாயன் நெபுலாவைப் பாருங்கள்; இளம் விண்மீன்கள் பிறக்கும் இடம் அது.

மாங்குளம் அன்பர்: இந்தத் தூசித் தட்டுப் படங்கள் கணினியின் கற்பனை அல்லவா?

புதுக்குடியிருப்பு அன்பர்: எச்.எல். டாவ் என்ற இளம் விண்மீனின் வளையங்கள் எவ்வளவு தெளிவு! அதுவும் கற்பனையா?

இருவரும் இரண்டு வேறு கருவிகளைக் கலக்கிறீர்கள். எச்.எல். டாவ் படம் 2014இல் அல்மா என்ற வானொலித் தொலைகாட்டித் தொகுதி மில்லிமீற்றர் அலைகளில் எடுத்தது. அங்கே அலைவாங்கிகள் பல. அலையின் கட்டமும் (அலையின் முகடு எப்போது வந்துசேர்கிறது என்பது) நேரடியாகப் பதிவாகும். பரனாலின் அகச்சிவப்பில் வளிமண்டலம் சில மில்லிசெக்கன்களில் கட்டத்தைக் குலைத்துவிடும். மூன்று தொலைகாட்டிகளின் கட்டங்களை முக்கோணமாகக் கூட்டினால் அந்தக் குழப்பம் நீங்கும். ஆனால் தகவலில் ஒரு பகுதியும் போய்விடும். நான்கு தொலைகாட்டிகள் ஒரு தடவையில் ஆறு சோடிகளே தரும். ஆகவே மாங்குளத்தாரே, கற்பனை அல்ல, அளவீடு. புதுக்குடியிருப்பாரே, புகைப்படமும் அல்ல. ஒரே சோடியின் தரவுக்கு வளையமும் பொருந்தும், மங்கலான தட்டும் பொருந்தும். எத்தனை சோடிகள், எத்தனை திசைகள் என்று கேட்காமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

மாங்குளம் அன்பர்: அப்படியானால் நான் சொன்னது பாதி சரிதானே?

இல்லை. பொருந்தாத மாதிரிகளைத் தரவு ஈவிரக்கமின்றித் தள்ளிவிடும். கற்பனைக்கு அந்தத் தண்டனை கிடையாது.

முள்ளியவளை அன்பர்: திருவாதிரை நட்சத்திரப் பலன் சொல்வீர்களா?

சாத்திரியாரிடம் கேளுங்கள். ஆனால் சூரியனுக்கு அடுத்து முதன்முதலில் கோண விட்டம் அளக்கப்பட்ட விண்மீன் அதுதான்: 1920, வில்சன் மலை, தலையீட்டுமானி.

கிளிநொச்சி அன்பர்: 8 அங்குலத் தொலைகாட்டியில் தெரியுமா?

வவுனியா அன்பருக்குச் சொன்ன பதிலே. அங்குலக் கேள்விகள் இத்துடன் போதும்.

துணுக்காய் மாணவன்: இங்கிருந்தபடி நான் தொடங்க என்ன வழி, ரீச்சர்?

தம்பி, இணைந்த கணிதத்தில் சிக்கலெண்களை உறுதியாக்கு. பிறகு அலைகளைக் கூறுகளாகப் பிரிக்கும் பூரியே உருமாற்றம். பரனாலின் பழைய தரவுகள் இணையக் காப்பகத்தில் இலவசம். ஒரு விண்மீனைத் தெரிந்து, வளைய மாதிரி ஒன்றும் தட்டு மாதிரி ஒன்றும் பொருத்திப் பார். எது தோற்றது, ஏன் தோற்றது என்று எழுதி அனுப்பு, நான் வாசிக்கிறேன்.