டிப்ளமோ படிக்க வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 31. பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். கைக்கு வருவது 24,000 ரூபாய். மாதம் 4,000 சீட்டு கட்டுகிறேன்; ஆறு மாதத்தில் முடியும், 50,000 வரும். தொழிலாளர் சட்டத்தில் ஓராண்டு டிப்ளமோவுக்கு 38,000 கேட்கிறார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துச் சேரலாமா? படித்தால் வக்கீலாகவும் போகலாம் என்கிறார் அட்மிஷன் பிடிப்பவர்.

பதில்: வக்கீல் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டப் பட்டம் இல்லாமல் கருப்பு கோட்டு போட முடியாது. உங்களுக்கு அது மூன்று ஆண்டுப் படிப்பு. அஞ்சல் வழி எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதில்லை என்பதால் வேலையை விட வேண்டிவரும். இழக்கும் சம்பளம் மட்டுமே 8,64,000 ரூபாய். அதை இன்னொரு நாள் பேசலாம்.

டிப்ளமோ வீண் என்று சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அது பொருந்துகிறது. 29 பழைய சட்டங்களைச் சேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 9,000, மற்ற படிகள் 11,000 என்று வையுங்கள். மொத்தம் 20,000; படிகளில் அதன் பாதியைத் தாண்டும் 1,000 ரூபாய் இனி ஊதியத்தோடு சேரும். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் 10,000-க்குக் கணக்காகும். இதைப் பிழையில்லாமல் போடும் ஆள் எந்தக் கம்பெனிக்கும் வேண்டும். பணம் கட்டும் முன் பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். இந்தத் தொகுப்புகள் அதில் இல்லாவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த படி, ஆலையில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் நல அலுவலர் வேலை. முன்பு 500 தொழிலாளர் உள்ள ஆலைக்குத்தான் அவர் கட்டாயம். புதிய சட்டத்தில் 250. ஆனால் அதற்கு எல்லா டிப்ளமோவும் செல்லாது. மாநில விதிகள் ஏற்கும் படிப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சென்னைக்காரராக இருந்தால் அரசின் தொழிலாளர் கல்வி நிலையத்தில் விசாரிக்கச் சொல்லியிருப்பேன். திருப்பூரிலிருந்து வாராவாரம் ரயில் ஏறுவது கட்டுப்படியாகாது.

சரி, வளையல். தொடாதீர்கள். 100-க்கு 1 ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 380-தான், பெரிய தொகை இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் சீட்டுப் பணமே வரும்போது எதற்கு அடகுக்கடை? 38,000 போக 12,000 மிஞ்சும். பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். 'வரிச்சலுகை உண்டு' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது.

அதுவரை ஒரு வேலை இருக்கிறது. படித்து முடித்தால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். 3,000 ஏற்றினால் போட்ட பணம் 13 மாதத்தில் திரும்பிவிடும். 'பார்க்கலாம்' என்று இழுத்தால், வேலை விளம்பரங்களில் இதே டிப்ளமோவை எத்தனை கம்பெனி கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேனேஜர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.