ஜாவாவில் ஃபீல்டுக்கு மட்டும் 0 தானாக வருவது ஏன்? அதை நம்பி எழுதலாமா?

கிளாஸுக்குள் நேரடியாக ஓர் இன்ட் (முழு எண் வேரியபிள்) அறிவித்து, அதாவது ஃபீல்டாக வைத்து, எதுவும் கொடுக்காமல் அச்சிட்டால் 0 வருகிறது. அதையே மெத்தடுக்குள் செய்தால் கம்பைல் ஆவதில்லை. ஏன் இந்தப் பாரபட்சம் என்றும், அந்த 0-வை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வி எளிது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஹீப் என்ற நினைவகப் பகுதியில் அதற்கு ஒதுக்கும் இடத்தை, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் துடைத்துத்தான் தருகிறது. துடைத்த இடத்தை இன்ட் என்று படித்தால் 0, டபுள் என்று படித்தால் 0.0, பூலியன் என்றால் ஃபால்ஸ், ரெஃபரன்ஸ் என்றால் நல். சார் எனும் எழுத்து வகைக்கு யூனிகோடின் 0 எண்ணுள்ள எழுத்து. அது இடைவெளி அல்ல, அப்படி நினைத்து ஒப்பிட்டுப் பார்த்து நான் அரை நாளை வீணடித்திருக்கிறேன்.

மெத்தடுக்குள் அறிவிக்கும் லோக்கல் வேரியபிளின் கதை வேறு. ஒரு மெத்தடுக்குள் எந்த வழியில் போனாலும் வேரியபிளுக்கு மதிப்பு கிடைத்துவிடுகிறதா என்பதைக் கம்பைலரால் பார்த்துவிட முடியும். இஃப்-க்குள் மட்டும் கொடுத்துவிட்டு எல்ஸ்-ஐ மறந்தால் பிடித்துவிடும். ஃபீல்டில் அது முடியாது. எந்த மெத்தடை யார் எப்போது அழைப்பார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒருமுறை மட்டுமே மதிப்பு கொடுக்கக்கூடிய ஃபைனல் ஃபீல்டு மட்டும் விதிவிலக்கு, கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) முடிவதற்குள் நீங்களே கொடுத்தாக வேண்டும். அப்புறம், மெத்தடுக்குள் அரே உருவாக்கினாலும் அதன் உறுப்புகள் 0 ஆகத்தான் இருக்கும். அரேயும் ஹீப்பில் பிறக்கும் ஆப்ஜெக்ட்தானே.

சரி, நம்பலாமா? எண்ணிக்கை, கூட்டுத்தொகை மாதிரி உண்மையிலேயே 0-வில் தொடங்கும் விஷயங்களுக்குத் தாராளமாக நம்பலாம். '0' என்பதும் 'இன்னும் வரவில்லை' என்பதும் வேறு வேறாக இருக்கும் இடத்தில்தான் வம்பு. ஒருமுறை வெப்பநிலை அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கும் நிரல் எழுதினேன். ஃபீல்டு டபுள். சென்சார் பதில் தராத நேரங்களில் அதில் 0.0 அப்படியே உட்கார்ந்திருந்தது. எரர் கிடையாது, சராசரி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. 0 டிகிரி என்பது நடக்கக்கூடிய வெப்பநிலை என்பதால், பிறகு 0-வை மட்டும் கழித்துவிடவும் வழியில்லை.

டேட்டாபேஸிலிருந்து படிக்கும்போதும் இதே தொல்லைதான். ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசியில் கெட்இன்ட் அழைத்தால், அந்தக் கட்டத்தில் நல் இருந்தாலும் 0-வே திரும்ப வரும். உடனே வாஸ்நல் அழைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். இப்படிப்பட்ட இடங்களில் நான் இன்ட்டுக்குப் பதில், அதன் ஆப்ஜெக்ட் வடிவமான இன்டிஜர் வைக்கிறேன். அதன் டீஃபால்ட் நல்; தெரியாமல் கணக்கில் போட்டால் நல் பாயின்டர் எக்ஸப்ஷன் வந்து நிரல் விழும். தவறான சராசரியைவிட விழுந்த நிரல் எனக்கு மேல்.

பலர் கவனிக்காத இன்னொன்று. 'இன்ட் அளவு' என்று மட்டும் எழுதுவதும் 'இன்ட் அளவு = 0' என்று எழுதுவதும் ஒன்றுதான் என்பார்கள். பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. பேரன்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு மெத்தடை அழைக்கிறது, அதை சைல்டு கிளாஸ் ஓவர்ரைடு செய்து (தன் பாணியில் மாற்றி எழுதி), தன் 'அளவு' என்ற ஃபீல்டில் 5 போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன்ட்டின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சைல்டின் '= 0' ஓடும். போட்ட 5 அழிந்து 0 ஆகிவிடும். '= 0' எழுதாமல் விட்டிருந்தால் 5 தங்கியிருக்கும். இதற்காக '= 0'-வை நீக்கிச் சரிசெய்துவிட்டேன் என்று போய்விடாதீர்கள். ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடை கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைப்பதுதான் அங்கே கோளாறு.

இந்தப் பழக்கத்தோடு சி++ பக்கம் போனால் மட்டும் ஜாக்கிரதை. கிளாஸுக்குள் வெறுமனே அறிவித்த இன்ட்டை, கன்ஸ்ட்ரக்டர் எழுதி அதிலும் தொடாமல் விட்டால், லோக்கலாக உருவாக்கிய ஆப்ஜெக்ட்டில் 0 இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கிளாஸுக்குள் அந்த இன்ட்டை அறிவிக்கும்போதே அதன் பெயருக்குப் பின்னால் வெற்று நெளி அடைப்புக்குறி ஒரு ஜோடி போட்டுவிடுங்கள், 0 ஆகிவிடும்.