212-ஆம் பக்கத்தில் நிற்கும் டீச்சருக்கு

கேள்வி: எனக்கு 61 வயது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு நிறையப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போன மகன் டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ வாங்கி வந்து கொடுத்தான். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, நடாஷா என்கிற அந்தச் சின்னப் பெண் பொம்மையை ஒளித்துக்கொண்டு ஓடி வரும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் படை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. 212-ஆம் பக்கத்தில் நின்று மாசம் நாலாச்சு. நடுவில் மருமகள் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் பரிசாகக் கொடுத்தாள், அது முப்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை, அவளோ “எப்படி இருக்குங்க அத்தை?” என்று வாராவாரம் கேட்கிறாள். எடுத்ததை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்பது என் பழக்கம். அதனால் இப்போது எதையுமே படிக்காமல் டிவி பார்க்கிறேன். பாதியில் விடலாமா? விட்டால் அடுத்து என்ன படிப்பது? (பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: விடலாம் டீச்சர், தாராளமாக விடலாம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டும் ஒரே கேஸ் இல்லை. ஒன்றை இன்றைக்கே மூடிவிடலாம், இன்னொன்றில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழக்கம். நாலு மாசமாக உங்களைப் படிக்க விடாமல் பண்ணியது டால்ஸ்டாய் இல்லை, அதுதான். பிடிக்காத புத்தகத்தால் தனியாகப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, சும்மா அலமாரியில் கிடக்கும். அதை முடிக்காமல் வேறு எதையும் தொட மாட்டேன் என்று நாமாக ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் படிப்பே நின்றுபோகிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ‘போர்ஷன் முடிக்கணும், போர்ஷன் முடிக்கணும்’ என்றே ஓடியிருப்பீர்கள். முடித்தால்தான் ரிவிஷன், ரிவிஷன் முடித்தால்தான் பரீட்சை. ஐந்தாவது பாடம் பிடிக்கவில்லை என்று ஆறாவதுக்குத் தாவ முடியாது. அதே கணக்கை நாவலுக்கும் கொண்டுவந்துவிட்டோம், நீங்கள் மட்டும் இல்லை, பள்ளிக்கூடம் போன எல்லோரும்தான். இத்தனைக்கும் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த தலைமுறை உங்களுடையது. பிடித்த தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருப்பீர்கள், பிடிக்காத தொடரை நாலாவது வாரமே புரட்டித் தள்ளிவிட்டு ஜோக்குப் பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அன்றைக்கு எந்த மனசாட்சியும் குத்தவில்லையே! அட்டை போட்டுக் கனமாக வந்தவுடன் மட்டும் என்னவோ பயம் கலந்த மரியாதை வந்துவிடுகிறது. (பாதியில் மூடினால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று யாராவது சொன்னால், சரஸ்வதி பூஜையன்று எல்லாப் புத்தகத்தையும் அடுக்கிவைத்து ‘இன்னைக்குப் படிக்கவே கூடாது’ என்று நம்மைத் துரத்தியதும் அவள் பேரைச் சொல்லித்தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.)

இன்னொன்று காசு. வாங்கியாகிவிட்டது, முடிக்காவிட்டால் வீண் என்று தோன்றும், உங்கள் விஷயத்தில் மகன் காசு என்பதால் இன்னும் கூடவே உறுத்தும். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1985-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலரிடம் முழு விலை வாங்கினார்கள், சிலருக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள், யாருக்கு எது என்பதில் எந்த நியாயமும் கிடையாது, சும்மா விழுந்தபடி. முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகம் பார்த்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை போனாலும் அந்தக் காசு திரும்பப் போவதில்லை, கூட நேரமும் போகும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இந்த உறுத்தலே இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? தவணை முடிந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம், முழுசாகப் படித்தீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சரி, எத்தனை பக்கம் பார்த்துவிட்டு விடலாம்? சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று வாசகர்களிடையே ரொம்பப் பிரபலம். 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, மூடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் 100-இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும், மிச்சம் வருவதுதான் அவர்கள் கொடுக்க வேண்டிய பக்கம். உங்களுக்கு 39. நூறு வயதாகிவிட்டால் அட்டையைப் பார்த்தே முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

இந்தக் கணக்குப்படி மருமகள் கொடுத்த புத்தகத்தில் நீங்கள் இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி. அந்த ஒன்பதையும் நான் தள்ளுபடி பண்ணிவிடுகிறேன். இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை சொல்ல வந்ததை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகின்றன, அப்புறம் அதையே வேறு வேறு ஆட்களின் கதையாகச் சொல்லிப் பக்கத்தை நிரப்புகின்றன என்பது என் அபிப்பிராயம். முப்பது பக்கத்தில் ஓடாதது முந்நூறில் ஓடாது.

ஆனால் மருமகளிடம் “நல்லா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த பிறந்த நாளைக்கு அதே ஆசிரியரின் இரண்டாவது புத்தகம் வரும். “முப்பது பக்கம் படிச்சேன் கண்ணு, எனக்கு இது ஓடலை. நீ படிச்சியா, உனக்கு எந்த இடம் பிடிச்சது?” என்று கேளுங்கள். படித்திருந்தால் பேச ஒரு விஷயம் கிடைக்கும். படிக்கவில்லை என்றால், அப்படி இருக்கவும் வாய்ப்பு உண்டு, புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடலாம். அவளுக்கும் வேண்டாம் என்றால் தெருவில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை யாராவது இருக்கும். சீர்காழியில் பிறந்து, உங்களைப் போல வாத்தியாராக இருந்து (கணக்கு வாத்தியார்), 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. உங்கள் அலமாரியில் அடைந்து கிடந்தால் அந்தப் புத்தகத்துக்கு அதன் ஆள் எப்படிக் கிடைப்பார்? நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதை அவர் நூலகங்களுக்குச் சொன்னார், வீட்டிலும் செல்லும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது டால்ஸ்டாய். பேர்ல் கணக்குக்கு ஐந்து மடங்குக்கும் மேலே படித்துவிட்டீர்கள், சட்டப்படி நீங்கள் விடுதலை. ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். பிடிக்காத புத்தகத்தில் ஒரு இடத்தை யாரும் இரண்டு தடவை படிப்பதில்லை. உங்களுக்குப் புத்தகம் பிடிக்காமல் இல்லை, படை நடப்பது பிடிக்கவில்லை. நீங்கள் நிற்பது அநேகமாக 1805 ஆஸ்திரியப் போர்க்களப் பகுதி. நடாஷாவின் ரொஸ்தோவ் வீட்டுக் கலகலப்பிலிருந்து தூக்கி ஒரேயடியாகப் படையணி, பாலம், தளபதி என்று போட்டுவிடுவார், அந்த இடத்தில் நின்றுபோனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

தாண்டிப் போங்கள். டேனியல் பென்னாக் என்று பிரான்ஸில் ஒரு பள்ளி ஆசிரியர், நாவலும் எழுதுபவர், 1992-இல் வந்த புத்தகத்தில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று பட்டியல் போட்டார். முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது, பக்கங்களைத் தாண்டும் உரிமை அதற்கும் முன்னால், இரண்டாவது. வாத்தியாரே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? போர்ப் பகுதியைப் புரட்டிக்கொண்டே வாருங்கள், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிடுங்கள். ஆஸ்டர்லிட்ஸ் போரில் இளவரசர் ஆந்திரே அடிபட்டு மல்லாந்து விழுந்து, சுற்றிலும் சண்டை நடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அதைத் தவறவிடக் கூடாது. அது முடிந்த கொஞ்ச நேரத்தில் நடாஷாவின் அண்ணன் நிக்கலாய் விடுப்பில் வீட்டுக்கு வருவான், வீடே அவன்மேல் விழுந்து கட்டிக்கொள்ளும், உங்கள் நடாஷாவும் அங்கேதான் திரும்ப வருகிறாள். அங்கிருந்து தொடங்குங்கள். இன்னும் பின்னால் அவள் முதல் முறையாக நடன விருந்துக்குப் போகும் இரவு இருக்கிறது, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பெயர்கள் குழப்பினால் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ரஷ்யர்களுக்கு சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று, செல்லப் பெயர் தனி. நத்தாலியா என்பவள்தான் நடாஷா, கதையின் முக்கியமான ஆளான பியேரைச் சிலர் பியோத்தர் கிரில்லொவிச் என்று கூப்பிடுவார்கள். இது தெரியாமல் ஒரே ஆளை மூன்று பேராக நினைத்துத் திண்டாடுகிறவர்கள் நிறைய. மூலத்தில் மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சின்னச் சின்னதாக. தினம் ஒன்று என்று வருஷம் பூராவும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நல்ல வழிதான், காலைக் காப்பியோடு ஒன்று. கடைசியில் வரும் பின்னுரையின் இரண்டாம் பகுதியில் கதையே கிடையாது, சரித்திரம் என்றால் என்ன என்று டால்ஸ்டாய் வாதாடிக்கொண்டிருப்பார், கூசாமல் விட்டுவிடலாம்.

நடாஷா திரும்பி வந்தும் ஒரு இருபது பக்கத்தில் மனசு ஒட்டவில்லை என்றால் மூடி அலமாரியில் வையுங்கள். இதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எதை எடுத்தாலும் பத்து பக்கத்தில் சலிக்கிறது என்றால் குறை புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். டிவியை அணைத்து, போனை அடுத்த ரூமில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். அப்போதும் கண் கடிகாரத்துக்கே போகிறது என்றால்தான் புத்தகத்தின்மேல் பழி போடலாம். கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அறுபதைத் தாண்டினால் பொடி எழுத்தே பாதி சலிப்பு.

அடுத்து என்ன படிப்பது என்று கேட்டீர்கள். நாலு மாசம் நின்றுபோன வண்டி, மறுபடி கனமான நாவலில் ஏற்றாதீர்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுங்கள், யாருடையது என்பது உங்கள் விருப்பம், நீங்கள் ஏற்கெனவே ஒரு கதையாவது படித்து ரசித்த ஆளாக இருந்தால் போதும். முதல் கதையிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். பொருளடக்கத்தைப் பிரித்து, தலைப்பு பிடித்த கதையாகப் பார்த்து ஆரம்பியுங்கள், அது பிடிக்காவிட்டால் அடுத்த கதைக்குப் போங்கள்.